கூடுதல் பொறுப்பு

அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் துறையில் அவர் கணக்குக் கண்காணிப்பாளர். ஓய்வூதியக் கணக்கு அவருடைய பிரிவு. ஆனால் அலுவலகத்தில் யாரும் அவரைக் கணக்குக்காரர் என்று சொல்வதில்லை. 'பொறுப்பு' என்றுதான் சொல்வார்கள். "பொறுப்பு டீ குடிக்கப் போயிருக்கு", "பொறுப்பு இன்னிக்கு லீவு." மேசைமேல் இருந்த பலகைதான் காரணம்: மூத்த பணியிடப் பாதுகாப்பு ஆலோசகர் (பொறுப்பு).

அந்தப் பதவி அவருக்கு வந்த விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முன்பிருந்த ஆலோசகருக்கு வேறு நல்ல வேலை கிடைத்தது. அவருடைய அறை கணக்குப் பிரிவுக்கு அடுத்தது. கிளம்பும்போது சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாவி யாரிடம் என்று இயக்குநர் கேட்டார். இவரிடம் என்றார்கள். "அப்ப அவரே கொஞ்ச நாள் பாத்துக்கட்டும்" என்றார் இயக்குநர். உலகத்தில் பல பொறுப்புகள் இப்படித்தான் கைமாறுகின்றன. தகுதி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். சில சமயம் வராமலே போகும்.

கொஞ்ச நாள் என்பது மூன்றாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஏணி, சாரம், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி என்று ஆபத்துள்ள எந்த வேலையானாலும், ஆட்கள் கைவைக்கும் முன் ஆலோசகரின் கையெழுத்து வேண்டும். ஆரம்பத்தில் அவர் வந்ததிலெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கில் தப்பு நேர்ந்தால் அடித்துத் திருத்தலாம் என்று பழகிய கை அது. ஒருநாள் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கியவர் மருந்து வாடையில் மயங்கி விழுந்தார். கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பிழைத்துக்கொண்டார், சில வாரங்களில் வேலைக்கும் வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி ஆறியிருப்பார்.

அதற்குப் பிறகு நேரில் போய்ப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். உயரம் அவருக்கு ஆகாது. மூன்றாவது படியிலேயே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். கீழே நிற்கும் கொத்தனார், "சார், ஏணி எங்கயும் ஓடிராது, விடுங்க" என்பார். சிரிப்பார்கள். ஆனால் மேலே தகவல் வேறு மாதிரிப் போனது: மனுஷன் கடமை தவறாதவர், ஒவ்வொரு இடமாகப் போய் நிற்கிறார். அச்சத்தை உலகம் கடமை உணர்ச்சி என்று எடுத்துக்கொள்வதால் பலருக்கு நன்மை உண்டு. அஞ்சுகிறவனுக்கு இல்லை.

பதவிக்கு ஆள் எடுக்க இரண்டு முறை விளம்பரம் கொடுத்தார்கள். முதல்முறை வந்தவர் ஒரு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, "இப்படி இருக்கும்னு யாரும் சொல்லலையே" என்று போய்விட்டார். இரண்டாம் முறை தகுதியானவர் யாருமில்லை. மூன்றாம் விளம்பரம் போகும்போது இயக்குநர் இவரை அழைத்துத் தோளில் தட்டினார்.

"இந்தத் தடவையும் ஆள் கெடைக்கலன்னா கவலையே இல்ல. உங்களையே நிரந்தரமாக்கிடலாம்னு மேல பேசிட்டேன். கணக்கை வேற யாராவது பாத்துக்குவாங்க."

நல்ல செய்தியைக் கேட்ட முகத்தை வைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். வீட்டில் சொன்னபோது மனைவிக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"அவனவன் பதவி உயர்வுக்குத் தவங் கெடக்கறான். உங்களுக்கு வீடு தேடி வருது. எதுக்கு இப்படி உம்முனு உக்காந்திருக்கீங்க?"

"ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் யாரும் எங்கிருந்தும் விழாம இருக்கணும்."

"விழுந்தா நீங்களா தள்ளி விட்டீங்க?"

அப்போது அங்கிருந்த மச்சினன் சும்மா இருக்கவில்லை. "மாமா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. எல்லாரையும் தரையிலயே வேலை பாக்கச் சொல்லிடுங்க."

"தரையில கரண்ட் கம்பி போகுதுடா."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். கிண்டலுக்குச் சொன்ன பதில் இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பதவி உயர்வு என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

நேர்காணலுக்கு நான்கு பேரை அழைத்திருந்தார்கள். ஒருவர்தான் வந்தார். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது, முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. அவர் உள்ளே இருந்த நேரமெல்லாம் பொறுப்பு தாழ்வாரத்தில் குட்டி போட்ட பூனையாக நடந்தார். தன் மகளுடைய கல்லூரி நேர்காணலுக்குக்கூட அவர் இப்படித் தவித்ததில்லை. கதவு திறந்ததும் இயக்குநர் சொன்னார்: "எங்களுக்குச் சம்மதம். அவங்கதான் இடத்தைப் பாத்துட்டுச் சொல்றேங்கறாங்க. நாளைக்கு நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

இடத்தைப் பார்ப்பதா! முதலில் வந்தவர் இடத்தைப் பார்த்துத்தானே ஓடினார்.

அன்று சாயங்காலம் அவர் செய்ததை நியாயம் என்று சொல்ல மாட்டேன். எந்தெந்தக் கட்டடத்தைக் காட்டலாம் என்று முடிவு செய்தார்: புதிதாய் வெள்ளையடித்தவை மூன்று. பண்டகசாலையிலிருந்து ஹெல்மெட்டுகளை வாங்கிப் பெயிண்டர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். தீயணைப்பு உருளைகளைத் துடைத்து, இல்லாத இடங்களில் வேறு கட்டடத்திலிருந்து கழற்றி வந்து மாட்டச் சொன்னார். மாடிப்படியில் கிடந்த உடைந்த நாற்காலிகளை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டினார். ஆய்வுக்கு யார் வந்தாலும் இந்தத் துறையில் இப்படித்தான் செய்வார்கள். செய்யாதவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. முதல் கட்டடத்தில் ஒரு பெயிண்டர் ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நின்றார்.

"அண்ணே, இது எப்ப குடுத்தாங்க?"

"காலைலதாம்மா. சாயங்காலம் திருப்பிக் குடுத்துரணுமாம். கீறல் விழுந்தா சம்பளத்துல பிடிச்சிக்குவாங்களாம்."

அந்த அம்மாள் அடுத்த கட்டடத்துக்கு நடந்தார். இரண்டாம் கட்டடத்தில் தீயணைப்பு உருளை மாட்டியிருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பூச்சுத் தூள் ஒட்டியது. ஆணி அடித்த துளை அன்றைக்குப் போட்டது. மூன்றாம் கட்டடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

"சார், இங்க எனக்கு வேலை இல்லன்னு நெனைக்கறேன். எல்லாமே சரியா இருக்கே. நான் கெளம்பறேன்."

"அம்மா, ஒரு நிமிஷம்—"

"ஒண்ணு சொல்லுங்க. நான் வரணும்னு உங்களுக்கு ஆசையா, வரக்கூடாதுன்னு ஆசையா?"

"வரணும்மா. வந்தே ஆகணும்."

"அப்ப எதுக்கு இந்தக் கூத்து?"

"உள்ளதைக் காட்டினா ஓடிருவீங்கன்னுதான்."

"பாக்காம வந்துட்டு, அப்புறம் பாத்துட்டு ஓடினா?"

முதலில் வந்தவர் ஒரு மாதத்தில் ஓடியதற்கு அர்த்தம் அந்த வாசலில்தான் பொறுப்புக்கு விளங்கியது. அவரைப் பயமுறுத்தியது இடம் இல்லை, அதை ஒளித்து வைத்திருந்ததுதான். மறைத்துக் கிடைக்கும் நிம்மதி கண்டுபிடிக்கப்படும் வரைதான். எண்ணிப் பார்த்தால் இது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்தது என்பதற்காக யாரும் அதன்படி நடப்பதில்லை.

"வாங்க," என்றார் அவர். "தலைமை அலுவலகத்துக்குக் கீழ போலாம்."

நிலவறையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே டீசல் பீப்பாய்கள். பீப்பாய்களுக்குப் பின்னால் கூரைவரை பழைய கோப்புகள். அவசர வழிக் கதவின் குறுக்கே ஓர் இரும்பு அலமாரி. "அந்தக் கதவு திறக்குமா?" என்று அம்மாள் கேட்டார். "திறக்கும். திறந்தா அலமாரி நம்ம மேல விழும்" என்றார் இவர்.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. லிஃப்டைக் காட்டினார், எந்த மாடியில் தரைமட்டத்துக்கு மேலே நிற்கும், எந்த மாடியில் கீழே நிற்கும் என்று மனப்பாடமாகச் சொன்னார். பழுப்பேறிய மின்பலகையைக் காட்டினார். கைப்பிடியில்லாத மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். ஏணியருகில் நின்று, "நீங்க ஏறிப் பாருங்க, எனக்குத் தலை சுத்தும்" என்றார். மேலே ஏறிய அம்மாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது, மயங்கி விழுந்தவரைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

"இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். எங்க பாத்தாலும் சிரிப்பார். அதுதான் தாங்கல."

கப்பல் பட்டறையில் அம்மாள் பார்த்தவை இதைவிட அதிகம் இருக்கும். "இதையெல்லாம் மேல சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னேன். 'நீங்கதான் இருக்கீங்களே, பாத்துக்குங்க'ன்னாங்க."

அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு, "உங்க இயக்குநரைப் பாக்கணும்" என்றார்.

இயக்குநர் அறைக்கு வெளியே பொறுப்பு நின்றார். கதவு சரியாகச் சாத்தவில்லை. போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவர் நினைத்தார். கையோடு இன்னொன்றும் தோன்றியது: போனாலும் போகட்டும், உள்ளதைக் காட்டியாயிற்று. அது ஆறுதலா விரக்தியா என்று அவருக்கே தெரியாது.

"ரெண்டு விஷயம் சார்," என்று அம்மாள் குரல் கேட்டது. "நான் சேர்றதுக்கு முன்ன அந்த டீசலும் அலமாரியும் அங்கிருந்து போயிருக்கணும். ஆபத்துன்னு நான் சொன்னா வேலை நிக்கும்னு எழுதிக் குடுக்கணும்."

"அதெல்லாம் சேர்ந்தப்புறம் பேசிக்கலாமே."

"சேர்ந்தப்புறம் நான் உங்க ஆளு சார். உங்க ஆளு சொல்றது உங்களுக்குக் கேக்காது. இப்ப வெளி ஆளு. இப்பதான் கேக்கும்."

நாற்காலி நகரும் சத்தம். இயக்குநர் சொல்லப்போகும் பதிலில் இவருடைய ஆறு வருடமும் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் இயக்குநர் இவரை உள்ளே கூப்பிட்டார்.

"அந்த டீசலை எடுக்கணும்னா என்ன ஆகும்?"

"இன்னிக்கே எடுக்கலாம் சார். பின்பக்கம் பழைய சைக்கிள் கொட்டகை காலியாத்தான் கெடக்கு. ஓடு போட்டது, காத்தோட்டம் இருக்கு, சுத்தி யாரும் நடமாட மாட்டாங்க. அலமாரிக்கு நாலு ஆள் போதும்."

"இவ்வளவு சுலபம்னா இத்தனை நாள் ஏன் எடுக்கல?"

கேட்டு முடிக்கும்போதே, இவர் பலமுறை எழுதி அனுப்பிய கடிதங்கள் இயக்குநருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, எடுங்க. இன்னொன்னையும் எழுதிக் குடுத்துடறேன்."

அன்று பீப்பாய்கள் ஒவ்வொன்றாக உருண்டு கொட்டகைக்குப் போவதை அவர் கூடவே நடந்து பார்த்தார். வேலை முடிந்ததும் நிலவறைக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "விளையாடறீங்களா சார்?" என்றார் பீப்பாய் உருட்டியவர். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "பதவி போயிடுச்சு" என்றார். மனைவி இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவரை வீரர் என்று யாரும் எழுதப் போவதில்லை. ஒளித்துவைக்கப் பார்த்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் காட்டினார். ஆனால் மாட்டிக்கொண்ட இடத்தில் பெரும்பாலோர் இன்னொரு பொய்யை எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள். அவர் அதைச் செய்யவில்லை. அந்த அளவுக்கு அவருக்குக் கொடுக்கலாம்.

அம்மாள் வேலையில் சேர்ந்த வாரம், கட்டடப் பொறியாளர் பழக்கதோஷத்தில் இவர் மேசைக்கே அனுமதித் தாளை நீட்டினார். இவர் பக்கத்து அறையைக் காட்டினார். சிறிது நேரத்தில் பொறியாளர் சிவந்த முகத்தோடு திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"முடியாதுங்கறாங்க. சாரத்துக்குக் கைப்பிடி போட்டுட்டு வான்னு சொல்றாங்க. நீங்கன்னா வந்து பாத்துட்டு, கடைசியில கையெழுத்துப் போட்டுருப்பீங்க."

"போட்டிருப்பேன். அப்புறம் வேலை முடியற வரைக்கும் வீட்ல இருந்துக்கிட்டே உங்க சாரத்து மேல நின்னுக்கிட்டிருப்பேன்."

பொறியாளருக்கு அது வேடிக்கையாகப் பட்டதா என்று தெரியவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கைப்பிடி போட நல்ல ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார். காலைலயே கூப்பிடணும், மத்தியானம்னா பிடிக்க முடியாது," என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் ஓய்வூதியக் கணக்குக்குத் திரும்பினார். கூட்டல் ஓரிடத்தில் பொருந்தவில்லை. தப்பு எங்கே என்று தேடிப் பிடித்து, நிதானமாக அடித்துத் திருத்தினார்.