வழிமறித்த வெள்ளை வண்டி

இசை அரங்கின் வாசலில் பதினொரு வருடமாகக் காவல் பார்க்கும் அந்தப் பெண்ணை எல்லாரும் சைரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவின் மாவு மில்லில், ஓடுகிற இயந்திரத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பேசியே வளர்ந்தவள். பள்ளியில் பக்கத்துப் பெண்ணிடம் கணக்குக்கு விடை கேட்டால் தலைமை ஆசிரியர் அறையிலிருந்து அதட்டல் வரும். கட்டிக்கொண்ட தையல்காரர் வாயில் நூலைக் கவ்விக்கொண்டே பாதி நாளைக் கழிப்பவர். இரண்டு பேர் பேச வேண்டியதை அவள் ஒருத்தியே பேசிவிடுவதால் குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

அன்று மாலை அரங்கில் ஜாஸ் கச்சேரி. சாதாரண ஜாஸ் இல்லை. ஒரே உருப்படியைத் தியானம் மாதிரி ஒரு மணி நேரம் வாசிப்பார்களாம். அதை அப்படியே பதிவு செய்து இசைத்தட்டாகப் போடப்போகிறார்கள் என்று மேனேஜர் காலையிலிருந்தே உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடச் சொன்னார். அவளிடம் மட்டும் தனியாக வந்து, இன்றைக்கு ஒரு நாள் வாயைத் திறக்க வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

கச்சேரி பாதி நடக்கும்போது அரங்குக்குப் பின்வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மருமகளுக்கு வலி கண்டுவிட்டது, டாக்சியும் வந்துவிட்டது, ஆனால் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. மேனேஜருக்கு அவள் போன் போட்டாள். அவர் அதை அணைத்து வைத்திருந்தார்.

வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து எல்லா வாத்தியங்களும் ஓய்ந்திருந்தன. டிரம்ஸ்காரர் மட்டும் ஒரு சின்ன மணியைத் தட்டிவிட்டு, அதன் அதிர்வு அடங்கக் காத்திருந்தார். முன்னூறு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் குசுகுசுவென்றுதான் சொன்னாள். அவளுடைய குசுகுசுப்பு அது.

"வழிய மறிச்சிட்டு நிக்குற அந்த வெள்ளை வண்டி யாரோடது? எடுத்துடுங்க. நேரமாச்சு."

யாரும் அசையவில்லை. சாக்ஸபோன்காரர் மெல்லக் கண்ணைத் திறந்தார். அவள் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தை அப்படியே வாத்தியத்தில் வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தின் மறைவில் முன்வரிசையிலிருந்து ஒருவர் குனிந்தபடி நழுவி வெளியே ஓடினார். மேனேஜர்தான். வண்டி அவருடையது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. வேலை போய்விடும் என்று அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, நடந்ததை இருவருமே மறந்துவிடலாம் என்றார். அவளும் தலையாட்டினாள்.

மறக்க விட்டால்தானே. எட்டு மாதம் கழித்து இசைத்தட்டு வந்தது. ஒலிப்பதிவாளர் அவள் குரலை வெட்ட எவ்வளவோ பார்த்தாராம். அதை வெட்டினால் அதற்குப் பின் வரும் வாசிப்புக்கு முகாந்திரமே இல்லாமல் போய்விடும் என்று சாக்ஸபோன்காரர் ஒற்றைக்காலில் நின்றாராம். உறையின் பின்பக்கம் ஒரு விமர்சகர் முழுப்பக்கம் எழுதியிருந்தார். வெள்ளை வண்டி என்பது இந்த உடம்பு. நம் வழியை நாமே மறித்துக்கொண்டு நிற்கிறோம். நேரமாச்சு என்ற சொல்லில் மரணம் எட்டிப்பார்க்கிறது.

தையல்காரர் வாயிலிருந்து நூலை எடுத்து வைத்துவிட்டு அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய விஷயத்தையா நீ சொன்ன?"

"நான் மேனேஜர் வண்டியச் சொன்னேங்க."

அப்புறம் ஆட்கள் இசைத்தட்டோடு வாசலுக்கே வர ஆரம்பித்தார்கள். கையெழுத்துக் கேட்டால் அவள் தயங்காமல் போட்டாள். வாசல் பதிவேடு எழுதிய பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே வந்த நேரத்தையும் குறித்துக் கொடுத்தாள். தாடி வைத்த ஒருவர், தன் வண்டியை எப்படி எடுப்பது என்று கண் கலங்கக் கேட்டார். முதல்ல ஹேண்ட்பிரேக்கை விடுங்க என்றாள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் அதே குழு வந்தபோது, மேடையேறி அந்த வரியைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். ஒத்திகையில் அவளை மேடையில் நிறுத்திச் சொல்லச் சொன்னார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் குரல் கொசு மாதிரி வந்தது. மூன்று முறை முயன்றும் அதேதான். சாக்ஸபோன்காரர் என்ன ஆச்சு அக்கா என்று கேட்டார்.

"இப்ப வண்டி எங்க நிக்குது?"

"வண்டி எதுவும் இல்லைக்கா. சும்மா சொன்னா போதும்."

"வண்டியே இல்லாம எதைங்க எடுக்கச் சொல்றது?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வற்புறுத்தவில்லை. பதிலுக்கு, அவளும் தையல்காரரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். அன்று வாசலில் மேனேஜரே நின்றார்.

பன்னிரண்டு வருடம் கதவுக்கு வெளியே நின்றவள் முதல் முதலாக ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டாள். ஒரு இடத்தில் ஏனென்றே தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது; துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. மறுநாள் டிக்கெட் கவுன்ட்டர் பெண் எப்படி இருந்தது என்று கேட்டாள். வாசிப்பெல்லாம் அருமை, குறை சொல்ல ஒன்றும் இல்லை, என்ன, கடைசியில் முடிக்கப் போகிற மாதிரி போய்ப்போய் நாலு தடவை திரும்பி வந்துவிட்டார்கள் என்றாள். அரங்கம் முழுக்க அது கேட்டது.