ரேடியோ சொல்லாமல் விட்ட பாதி

என் தங்கை மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றைக்குத்தான் ரேடியோ என்ற பெயர் முதன்முதலாக என் காதில் விழுந்தது. பெண்ணுக்குத் தம்பி அவன். எந்த நாட்டுப் பாஷையையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வான், வாயும் ஓயாது. அதனால் அந்தப் பெயர்.

கல்யாணத்துக்குப் பிறகும் பல வருஷமாக என் தங்கை மகன் நிலக்கரி மின்நிலையத்தில் பாய்லர் பார்த்தான். புகையைக் குறைப்பதாக நாடுகளெல்லாம் கூடிக் கையெழுத்துப் போட்டதில், அதை மூடிவிட்டுப் பக்கத்திலேயே சோலார் நிலையம் கட்டுவதென்று முடிவாயிற்று. வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். அவர்கள் பேச்சை நம் பாஷையில் சொல்ல ரேடியோவை வைத்துக்கொண்டார்கள்.

கேன்டீனில் கூட்டம். வந்திருந்த வெளிநாட்டு அம்மாள், "உங்களுக்குப் புது வேலைக்குப் பயிற்சி தருவோம். ஆனால் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. அவர்கள் இப்போதே வேறு வேலை தேடிக்கொள்ளட்டும்" என்றாளாம். முன்வரிசையில் என் தங்கை மகன். வயது நாற்பத்தேழு. ரேடியோவைக் காட்டி "என் மச்சான்டா" என்று பக்கத்து ஆளை இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ரேடியோ முன்பாதியைச் சொன்னான். பின்பாதியை விழுங்கிவிட்டான். கைதட்டலைக் கேட்டு அந்த அம்மாளே திகைத்துப்போனாளாம்.

அந்த வாரமே சிமென்ட் ஆலையிலிருந்து தங்கை மகனை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

"சூரியன்கிட்டயே வேலைக்குப் போறவன், சிமென்ட் தூசியில போய் நிப்பேனா?" என்று சிரித்து மறுத்துவிட்டான்.

ரேடியோ அப்போது அக்கா வீட்டில் அவன் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொல்ல வாயெடுத்தான். அக்கா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

பயிற்சிக்குப் போன இடத்தில் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஆலையிலும் அதற்குள் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. அன்று சாயங்காலம் ரேடியோ வந்து வாசலிலேயே நின்றான். நானும் அங்கிருந்தேன்.

"அத்தான், வயசு விஷயத்த அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் சொல்லல."

"ஏன்டா?"

"நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"ஊருக்கெல்லாம் ஓயாம கத்துற ரேடியோ, எனக்கு மட்டும் ஊமையாயிருச்சா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா அடுக்களையை விட்டு வரவேயில்லை.

மறுநாள் ரேடியோ அந்த வெளிநாட்டு அம்மாளிடமும் போய் உள்ளதைச் சொல்லி, அத்தானை எப்படியாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். விதி மாறவில்லை. இவன் வேலைதான் போயிற்று.

ரேடியோ இப்போது பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டி நேரம் சொல்கிறான். அக்கா வீட்டுக்கு இன்னும் போகவில்லை.