கீத்தோவில் என் மகள் காட்டிய தெருக்கள்

ஒஸ்லோவில் நான் த்ரிக் ஓட்டுகிறேன். தெருவில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். இருபத்தாறு வருடமாக ஓட்டியும் ஒரு காட்சி எனக்கு இன்னும் பழகவில்லை. கோடை வந்துவிட்டால் கிரூனர்லொக்கா பக்கம் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாகத் தண்டவாளத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி மூடிய குடையை உயர்த்திப் பிடித்தபடி ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார். மணி அடிப்பேன். விலகுவார்கள், ஆனால் கண்ணைக் கீழே இறக்க மாட்டார்கள். சென்ற கோடையில் அப்படி விலகிய ஒரு வயோதிபர் என்னைப் பார்த்து, நீயும் பார் என்பதுபோல மேலே கை காட்டினார். சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. குனிந்து கண்ணாடி வழியே பார்த்தேன். கெபாப் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி ஜன்னலின் நெற்றியில், தலைமுடியில் கல் திராட்சைக் குலை தொங்க ஒரு பெண்முகம். இருபத்தாறு வருடமாக அவளுக்குக் கீழேதான் போய்வந்திருக்கிறேன். அன்று பின்னேரம் இதை மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இப்பதானோ கண்டனீங்கள் அப்பா?" என்று சிரித்தாள். அவள் அப்போது கீத்தோவில் இருந்தாள்.

நான் மேலே பார்க்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் அகதியாக வந்து, நோர்வேயின் வடக்கில் மீன் ஆலையில் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கிய முதல் குளிர்காலம் அது. மொழி வகுப்பு ஆசிரியை எங்கள் எட்டுப் பேரையும் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். இது நாடாளுமன்றம், இது நாடக அரங்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று என்னைப் பார்த்து "சே ஒப்!" என்று கத்தினார். 'சே' என்றால் பார். 'ஒப்' என்றால் மேலே. அந்த வாரம்தான் இரண்டையும் படித்திருந்தேன். சொன்னதைச் செய்யும் நல்ல மாணவனாக நின்ற இடத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரையிலிருந்து சரிந்த பனிக்கட்டி தோளில் விழுந்து என்னை நிலத்தில் சாய்த்தது. இரண்டு சொல்லும் சேர்ந்தால் 'கவனம்' என்று அர்த்தம் என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. தோள் மூன்று கிழமையில் சுகமாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு இந்த நகரத்தில் நான் நிலத்தையே பார்த்து நடந்தேன். பிறகு தண்டவாளத்தைப் பார்த்து ஓட்டினேன்.

எங்கள் ஒரே மகள் ஆரபி இதற்கு நேரெதிர். ஒஸ்லோவின் புறநகரான பியோர்ண்டாலில் எங்கள் தொடர்மாடியைத் தவிர வேறு கட்டடம் எதைக் கண்டாலும் நின்று பார்ப்பாள். கட்டடக்கலை படித்தாள். கடைசி வருடத்தில் ஒரு தவணைக்கென்று தென்னமெரிக்காவில் எக்குவடோரின் தலைநகரான கீத்தோவுக்குப் போனாள். தவணை முடிந்தது. இன்னும் ஒரு மாதம் என்றாள். பிறகு, பழைய நகரத்தில் பயணிகளைத் தெருத்தெருவாக நடத்திக் கட்டடங்களைக் காட்டும் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். ஒன்றரை வருடம் போன பிறகு ஒருநாள், "அப்பா, நான் இஞ்சையே இருக்கப்போறன்" என்றாள்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் என் மனைவி வசந்தி அன்று வேலைக்குப் போகவில்லை. "போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள். "உங்கடை சொல்லைத்தான் கேப்பாள்." என் சொல்லை அவள் எப்போது கேட்டாள் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆனாலும் போக ஒரு பயணச்சீட்டும், வர இரண்டும் வாங்கிக்கொண்டு ஐப்பசியில் புறப்பட்டேன்.

கீத்தோ மலைமேல் இருக்கும் நகரம். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தவள் முதலில் சொன்னது, "கெதியா நடக்காதேங்கோ, மூச்சு வாங்கும்" என்பதுதான். நான் வந்த காரணம் அவளுக்குத் தெரியும். "நாளைக்கு நோர்வேக்காரர் ஒரு குழு வருகுது. நீங்களும் அவையோடை நடவுங்கோ. அதுக்குப் பிறகு கதைப்பம்," என்றாள்.

மறுநாள் காலை பெரிய சதுக்கத்தில் ஏழெட்டு நோர்வேஜியர்கள் நின்றார்கள். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், மலையேறும் சப்பாத்துப் போட்டவர்கள். நான் ஒரு ஓரமாக, ஆரபியின் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரிட் என்ற அம்மையார் என்னிடம் வந்து புன்னகையோடு தன் தோள்பையைக் கழற்றி என் கையில் தந்தார். நானும் வாங்கிக்கொண்டேன். அவர் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "நீங்கள் இந்த ஊரோ?" என்று கேட்டார்.

"இல்லை, நான் பியோர்ண்டால்," என்றேன் நோர்வேஜிய மொழியில்.

அவருடைய முகம் கழுத்துவரை சிவந்தது. பையைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். "பரவாயில்லை, பாரமில்லை," என்று நானே வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மாவைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றா, அல்லது அந்த ஊர்க்காரன் என்று நம்பப்பட்டது எனக்கு உள்ளூரப் பிடித்திருந்ததா?

ஆரபி நடக்கத் தொடங்கினாள். அவளுடைய குரல் எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டில் அரை வசனத்தோடு நிறுத்திவிடும் பிள்ளை இங்கே ஒரு பல்கனியின் மரக்கம்பியைக் காட்டி ஐந்து நிமிடம் பேசினாள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, ஓட்டுக் கூரை, அதற்குப் பின்னால் திடீரென்று எழும்பி நிற்கும் பச்சை மலை. ஓரிடத்தில் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடந்தது. அதற்கு நேர்மேலே செதுக்குவேலை செய்த ஒரு கல் வளைவு. "சே ஒப்!" என்றாள். இரண்டு அர்த்தமும் அங்கே பொருந்தியதில் நோர்வேஜியர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் முதலில் தோளைப் பிடித்தேன். பிறகுதான் மேலே பார்த்தேன்.

உள்ளே சுவரெல்லாம் தங்கத் தகடு ஒட்டிய ஒரு தேவாலயத்துக்குப் போனோம். வாசலில் சீட்டு விற்ற பெண் நோர்வேஜியர்களை வரிசையில் நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து ஏதோ சொல்லி, உள்ளே போகும்படி கையசைத்தாள். நான் போகத் தொடங்கினேன். ஆரபி ஓடிவந்து அவளிடம் ஸ்பானிய மொழியில் பேசினாள். எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல். ஒன்று, பாப்பா, அதாவது அப்பா. மற்றது, எஸ்திரான்ஹேரோ. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நம்பாமல் சிரித்தாள்.

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் பிள்ளை?"

"வெளிநாட்டுக்காரர் எண்டு அப்பா. இந்த நாட்டு ஆக்களுக்கு வேறை ரிக்கெற். அதுதான் சொன்னனான்."

அவள் சொன்னது உண்மைதான். நோர்வேயில் அந்தச் சொல் என் முதுகிலிருந்து கழன்று விழ வேண்டும் என்று முப்பது வருடத்துக்கு மேலாகப் பாடுபட்டேன். இங்கே ஒரு பெண், என்னை ஒருநாளும் கண்டிராதவள், எதுவும் கேட்காமல் என்னைத் தன் நாட்டுக்காரனாக எடுத்துக்கொண்டாள். அதை மறுத்து, அந்தச் சொல்லை மீண்டும் என்மேல் ஒட்டியது என் சொந்தப் பிள்ளை. உள்ளே கண் கூசும் தங்கத்துக்குக் கீழே நின்றபோது கோபப்பட வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் தூரிட்டின் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய மரக்கதவைத் தாண்டினால் ஒரு இருட்டு நடை. அதன் தரையில் கூழாங்கற்களோடு மாட்டு எலும்புகளையும் பதித்துப் பூவேலை செய்திருந்தார்கள். அதையும் தாண்டினால் நடுவில் திறந்த முற்றம், தலைக்கு மேலே நேராக வானம், சுற்றிவர அறைகள். மேல்மாடியில் ஓர் அறையில்தான் ஆரபி இருந்தாள். கீழே மூன்று குடும்பங்கள் இருந்தன. கொடியில் யாருடையவோ பள்ளிச் சீருடை காய்ந்தது. "இந்த வீட்டைக் கட்டின பணக்காரர் நகரத்தின் வடக்குப் பக்கம் போய்விட்டார்கள்," என்று அவள் குழுவுக்குச் சொன்னாள். "பிறகு கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அறை அறையாக வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் இது எப்போதோ இடிந்திருக்கும்."

தூரிட் என் பக்கம் திரும்பி, "உங்கள் நாட்டிலும் இப்படி வீடுகள் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை. பியோர்ண்டாலில் எல்லாம் தொடர்மாடிதான்."

"இல்லையில்லை, நான் கேட்டது..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் கேட்டது எதை என்று எனக்குத் தெரியும். ஆரபியும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், நடுமுற்றம் வைத்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளைப் பற்றி நான் ஏதாவது சொல்லுவேன் என்று. ஆனால் நான் பிறந்தது பருத்தித்துறையில், கூரைத் தகரம் போட்ட இரண்டறைச் சீமெந்து வீட்டில். முற்றம் நடுவில் இருக்கவில்லை. மற்ற எல்லாருக்கும் போல வெளியேதான் இருந்தது. இல்லாத வீட்டுக்காக என்னால் கண்கலங்க முடியவில்லை.

குழு பிரிந்தது. தூரிட் பையை வாங்கி, என் கையைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பிடித்துவிட்டுப் போனார். நானும் ஆரபியும் இன்னொரு சதுக்கத்தில், ஒரு தேவாலயத்தின் அகலமான கல் படியில் உட்கார்ந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. சட்டைப்பையில் அவளுடைய பயணச்சீட்டு நான்காக மடிந்து கிடந்தது.

"வா பிள்ளை, போவம்."

"எங்கை?"

"வீட்டைதான். அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

அவள் சப்பாத்து நுனியால் கல்லைத் தட்டினாள். "அப்பா, ஒண்டு சொல்லட்டோ? இஞ்சை நான் ஸ்பானிஷ் பிழையாக் கதைச்சாத்தான் ஆக்கள் என்னை வெளியாள் எண்டு கண்டுபிடிக்கினம். ஒஸ்லோவிலை நான் எவ்வளவு சரியா நோர்ஸ்க் கதைச்சாலும் முதல் கேள்வி, எங்கையிருந்து வந்தனீ எண்டுதான்."

"அதுக்காக ஒரு நாட்டை விட்டிட்டு வாறதோ? உன்னை அங்கை ஆராவது அடிச்சவையோ, கலைச்சவையோ?"

"இல்லை. அங்கை எல்லாரும் நல்ல ஆக்கள்தான்."

"பிறகென்ன?"

"நீங்கள் போகேக்கை அப்பப்பா மறிச்சவரோ?"

என் அப்பா மறிக்கவில்லை. பஸ்சுக்குள் என் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்று மட்டும் சொன்னார். "அது வேறை," என்றேன்.

"எப்பிடி வேறை?"

வேறுதான். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பெடியளை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. நான் நாடு மாறியது ஆசைப்பட்டு அல்ல. இதை அவளுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறேன். ஆனால் புறாக்கள் இறங்கி நடக்கும் அந்தச் சதுக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில், சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது இவள் ஓடத் தேவையில்லாமல் இருக்கத்தான். ஓடத் தேவையில்லாதவள் விரும்பிப் போனால் அது எங்களுக்கு வெற்றியா தோல்வியா? அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டு என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். சீட்டு பைக்குள்ளேயே கிடந்தது.

ஒரு கிழமை கழித்துத் தனியே திரும்பினேன். விமானத்தில் ஜன்னல் ஓர இருக்கையில் யாரும் இல்லை. கதவு சாத்தும் நேரத்தில் பணிப்பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "இவர் உங்களோடு வருபவரா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, உடனே இல்லை என்றேன். அவர் புரியாமல் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். கீழே மலைகள் தெரிந்தன.

வசந்தி சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் என் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். "அவள் அங்கை சந்தோசமா இருக்கிறாளோ?" என்று கேட்டாள்.

"நல்ல வடிவாக் கதைக்கிறாள்," என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். வசந்தி தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

தைமாதத்து ஞாயிறு ஒன்றில் கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் கவிதாவைக் கண்டோம். தமிழ்நாட்டிலிருந்து கணவனின் வேலைக்காக வந்து நாலைந்து வருடமான, எப்போதாவதுதான் கோயிலுக்கு வரும் பெண். எல்லாரும் கனத்த குளிர்காலச் சப்பாத்துகளுக்குள் கால்களைத் திணித்துக்கொண்டிருந்தோம்.

"ஆரபி எங்கக்கா? ஆளையே காணோமே?"

"அவள் இப்ப வெளிநாட்டிலை," என்றாள் வசந்தி.

கவிதா சிரித்துவிட்டாள். "நாமளே வெளிநாட்டுலதானேக்கா இருக்கோம்! இதுக்கு மேல எது வெளிநாடு?"

வசந்தியும் சிரித்தாள். "வைகாசியிலை லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வாறாள். வந்தவுடனை கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன்."

"ஊருக்குன்னா, யாழ்ப்பாணத்துக்கா?"

"இல்லையில்லை, இஞ்சைதான்..." என்ற வசந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

இத்தனை வருடத்தில் அவள் இந்த இடத்தை ஊர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே என்பாள், ஒஸ்லோ என்பாள், கோபம் வந்தால் இந்தக் குளிர் என்பாள். ஊர் என்றால் அது கடலுக்கு அப்பால் ஒன்றே ஒன்றுதான். இப்போது யாரும் கேட்காமலே அந்தச் சொல் இடம் மாறிவிட்டிருந்தது. வசந்தி என்னைப் பார்த்தாள், நான் திருத்துவேன் என்று நினைத்தாளோ என்னவோ. திருத்துவதா ஆமோதிப்பதா என்று எனக்கும் தெரியவில்லை. என் வலது கால் சப்பாத்துக்குள் போய் நாடாவும் கட்டியாகிவிட்டது. இடது கால் காலுறையோடு, யாரோ கொண்டுவந்த பனி உருகிய ஈரத்தில் நின்றது. கதவைத் திறந்து திறந்து சனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வெளிக்குளிர் முகத்திலும், சாம்பிராணி வாசம் முதுகிலும் பட, நான் மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.