அக்காவின் படலையில் வெட்சிப் பூ

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கடலுக்காகப் போவார்கள், கோயிலுக்காகப் போவார்கள். போன மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நான் போனது பூவுக்காக. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

அன்புவழிபுரத்தில் இருக்கும் என் அக்கா ஆறு வருடமாக என்னோடு கதைப்பதில்லை. பிழை என்னுடையதுதான். அவளுடைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் முன்னால் நின்று, தலையில் பால் அறுகும் பூவும் வைத்து வாழ்த்தவேண்டிய தாய்மாமன் நான். கொழும்பில் வேலை என்று முதல்நாள் ஒரு குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். பிறகு சேலை அனுப்பினேன், நகை அனுப்பினேன். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அந்தப் பயணத்துக்கு முதல் மாதம் மருமகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "மாமா, அடுத்த மாதம் கண்டிக்குக் கம்பஸ் போறன். அதுக்கு முதல் ஒருக்கா வாங்கோ."

அக்கா தமிழ் ரீச்சர். சிறு வயதில் எங்கள் விளையாட்டே பழங்காலத்துப் போர்தான். அந்தக் காலத்து மன்னர்கள் எதற்காக வருகிறோம் என்பதைத் தலையில் சூடிய பூவாலேயே சொல்லிவிடுவார்களாம். வெட்சி சூடினால் மாடு கவர வருகிறான். கரந்தை சூடினால் போன மாட்டை மீட்டுவர வருகிறான். நொச்சி என்றால் கோட்டையை விட்டுத் தரமாட்டான். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! முதுகில் குத்துகிற வேலையே இல்லை. எங்கள் வளவில் இந்தப் பூக்கள் எதுவும் இல்லாததால், கையில் கிடைத்ததற்கெல்லாம் அக்கா பெயர் வைத்தாள். செவ்வரத்தைதான், அதாவது செம்பருத்திதான், வெட்சி; வேப்பம்பூதான் நொச்சி. கோட்டை எப்போதும் அவளுக்கு, மாடு திருடுவது எப்போதும் எனக்கு.

அப்படிப்பட்டவளிடம் வெறுங்கையோடு போக முடியுமா? நெய்தல் கொண்டுபோவதென்று முடிவெடுத்தேன். கடற்கரையில் பிரிந்து ஏங்குகிறவர்களின் பூ அது. நான் ஏங்கினேன் என்பதை அதைவிட அழகாக எந்தக் கடிதமும் சொல்லாது.

வவுனியாவில் காலை 5.15 பஸ். திருகோணமலையில் இறங்கும்போது 8.25. பக்கத்துக் கோட்டைவரை நடந்தேன்; வாசலில் மான்கள் பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டு நின்றன. காவல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்தேன். திரும்பி வந்தபோது பஸ் நிலையத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த நஸீர் நானாவின் ஓட்டோ கிடைத்தது. முழுநாளுக்கு 7,500 ரூபாய் பேசினோம்.

"நீலப் பூ வேணுமெண்டா கட்டைபறிச்சான் பக்கம் குளத்துல கிடக்கு தம்பி. பூவுக்காகவா இவ்வளவு தூரம் வந்தனீங்க?"

கதையைச் சொன்னேன். கதை முடியக் கிண்ணியாப் பாலமும் ஏறி இறங்கிவிட்டோம். பிறகு, "பிழை எண்டு வாயால சொன்னா முடிஞ்சிருமே?" என்றார். "உங்களுக்கு எங்கட அக்காவைத் தெரியாது, நானா" என்றேன்.

மூதூர் தாண்டிக் கட்டைபறிச்சானை அடைய 10.20 ஆகிவிட்டது. வயல்களுக்கு நடுவே அந்தக் குளம். நீர் முழுக்க நீலம். நெய்தலை வாழ்க்கையில் முதன்முதலாக அருகில் பார்க்கிறேன். இந்தப் பூவைப் பார்த்துப் பிரிவை நினைத்தவன் சும்மா ஆளில்லை. முழங்கால் அளவு சேற்றில் இறங்கி ஒன்பது பூப் பறித்தேன்.

மூதூரில் மீன்குழம்புச் சாப்பாடு (650 ரூபாய், மறுசோறு இலவசம்) முடித்துக் கிண்ணியாவுக்குத் திரும்பும்போது 2.30. பையைத் திறந்தால் ஒன்பதும் இறுக மூடிக் கிடந்தன. பொழுது சாய்ந்தால் நெய்தல் கூம்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். பறித்தால் அதற்கும் முன்னமே கூம்பிவிடும் என்பது படிப்பில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

என் முகத்தைப் பார்த்த நஸீர் நானா ஓட்டோவைத் தன் வீட்டுக்கு விட்டார். வேலியோரம் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. கொழும்பில் நான் முன்பு வேலை செய்த அலுவலக வாசலிலும் இந்த எக்ஸோராச் செடி நின்றது. "வாடாத பூ தம்பி, கொண்டுபோங்க" என்று ஒரு கட்டு வெட்டித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பாலையூற்றைக் கடக்கும்போது பூக்கட்டின் இலைகளைக் கிள்ளி ஒழுங்குபடுத்தினேன். 3.25க்கு அன்புவழிபுரத்தில் அக்கா வீட்டு வேலியின் வாசல் படலைக்கு முன்னால் நின்றேன். அக்கா வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்தாள்.

"வெட்சியோட வந்து நிக்கிறாய். மாடு கொண்டுபோக வந்தனியோ?"

எனக்கு உயிரே போய்விட்டது. "இதுவோ வெட்சி? எனக்குத் தெரியாதக்கா. நீங்க செவ்வரத்தையைத்தானே காட்டித் தந்தனீங்க?"

 ஆவி பிடிக்க வளர்த்த ஊதாப் பூச்செடி ஒன்று படலையோரம் நின்றது. அக்கா அதில் ஒரு கொப்பை முறித்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். "இது நொச்சி. உண்மையான நொச்சி. உள்ளுக்கு விட ஏலாது."

மூடிய நெய்தல்கள் பையில் கிடந்தன. பூவால் சொல்ல இனி என்னிடம் எதுவும் இல்லை. "அக்கா, சடங்குக்கு வராதது என்ர பிழை. பெரிய பிழை" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஆறு வருடத்தில் இதை நான் ஒருதரம்கூடச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இதைச் சொல்ல உனக்குச் சேத்துக் குளமெல்லாம் சுத்தி வரவேண்டியிருந்ததோ?" என் காற்சட்டைச் சேற்றையும் பைக்குள் கிடந்த நெய்தலையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.  மருமகளைக் கூப்பிட்டாள். "மாமன் வைக்கவேண்டிய பூ. ஆறு வருசம் பிந்தி வந்திருக்கு" என்று சொல்லிப் படலையைத் திறந்தாள். அந்த வெட்சியை மருமகளின் தலையில் வைத்தேன். 

"கொண்டுபோற பூவோட வந்திட்டாய்தானே," என்றாள் அக்கா. "அப்ப வாற கிழமை நீயே பிள்ளையைக் கண்டிக்குக் கொண்டுபோய் விடு." கொண்டையில் இருந்த நொச்சியை எடுத்துக் குசினிச் சுடுதண்ணிக்குள் போட்டாள். எனக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: நெய்தல் பார்க்க 11 மணிக்கு முன் போங்கள். பறிக்காதீர்கள், நின்று பாருங்கள், அது போதும். ஓட்டோவுக்குக் காலையிலேயே விலை பேசிவிடுங்கள். கோபித்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதானால் ஓட்டோக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

விடுமுறைக்கு மருமகளைத் திரும்பக் கூட்டிவரும்போது கரந்தைப் பூவோடுதான் படலைக்குள் வரவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. கரந்தை எப்படியிருக்கும் என்று உண்மையாகவே தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இந்தமுறை பிழை விட ஏலாது.