ஆட்டு ஊசியும் ஏழாம் நம்பர் கிடாவும்

தடுப்பூசி கண்டுபிடிக்கிற வேலை என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும்தான் என்று நினைப்பீர்கள். பாதி வேலை ஆட்டுப் புழுக்கையில். ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற ஒரு புழு இருக்கிறது. செஞ்சிப் பக்கம் அது இப்போது எந்தப் புழு மருந்துக்கும் மசிவதில்லை. அதன் உடம்பில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலியை ஆய்வுக்கூடத்தில் அப்படியே செய்து ஊசியாகப் போட்டால், ஆட்டின் உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துகொண்டு சண்டைக்குத் தயாராகும் என்பது எங்கள் திட்டம். பதினாலு மாதம் நின்றுகொண்டே செய்ததில் ஒரு சிட்டிகை தேறியது. எந்த ஆராய்ச்சியிலாவது மாட்டிக்கொண்டு வயிற்றெரிச்சல் பட்டவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

பிரிட்ஜில் மாவு

மருந்தை வைக்கச் செஞ்சியில் ஒரு மாடி அறை எடுத்து பிரிட்ஜ் வாங்கி வைத்தேன். கீழே வீட்டுக்காரர். இன்னொரு சாவி அவரிடம். ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் மருந்துப் புட்டிகள் மேசைமேல் வியர்த்துக்கொண்டு நிற்கின்றன. பிரிட்ஜுக்குள் அண்டா நிறைய இட்லி மாவு. பின்னாலேயே இன்னொரு தூக்கோடு அவர் படியேறி வருகிறார்.

புட்டிகளில் இன்னும் ஜில்லிப்பு இருந்ததால் மருந்து பிழைத்தது. அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "இதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சொன்னார்: "கடுகாட்டம் நாலு புட்டி. அதுக்கு இத்தாம் பெரிய பிரிட்ஜு எதுக்குமா?"

குழுவின் கேள்வி

எங்கள் திட்டத்தைத் தொடரலாமா என்று பார்க்கச் சென்னையில் ஒரு குழு கூடியது. ஆட்டின் கண் இமையைப் புரட்டி எடுத்த படத்தைக் காட்டினேன். புழு ரத்தத்தைக் குடித்துவிட்டால், சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும். ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒருவர் கை தூக்கினார். கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். பணம் நின்றுவிடுமே என்று நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் கேட்டது: "ஆடு செத்தாலும் கறிதானே, இதுல நஷ்டம் எங்கேருந்து வருது?"

எது மருந்து, எது தண்ணீர்

தளவானூர் லூர்து அக்காவுக்கு நிலம் கிடையாது. இருபது ஆடுதான் எல்லாம். முந்தின மழையில் புழுவால் ஒன்பதைப் பறிகொடுத்தவர். அதனால்தான் எனக்குப் பட்டியைத் திறந்துவிட்டார். காதில் நம்பர் வில்லை குத்தவிடவில்லை, சந்தையில் விலை குறைத்துக் கேட்பார்களாம். சரி என்று கழுத்துக் கயிற்றில் நம்பர் கட்டினேன்.

பத்து ஆட்டுக்கு மருந்து, பத்து ஆட்டுக்கு உப்புத்தண்ணீர். ஒப்பிட்டுப் பார்த்தால்தானே மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். எந்தப் புட்டியில் எது என்று எனக்கும் சொல்லமாட்டார்கள், விதி அப்படி. படிவத்தை வேகமாக வாசித்துக் கையெழுத்து வாங்கினேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீயும் தெரியாமத்தான் குத்துறியா?"

ஏழாம் நம்பர்

ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசி. நான் நம்பரைக் கூப்பிட, அக்கா அந்த நம்பரைப் பிடித்து வந்தார். கயிற்றைப் பார்த்தேனே தவிர ஆட்டைப் பார்க்கவில்லை. மழை முடிந்து ரத்தம் எடுக்கப் போனபோது ஏழாம் நம்பர் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. என் நோட்டில் ஏழாம் நம்பர் கிடா.

அக்கா எதையும் மறைக்கவில்லை. "மொத ஊசிக்கு அப்பறம் பாதி ஆட்டுக்குக் கழுத்தாண்ட சுண்டக்கா மாதிரி கட்டி இருந்துச்சு. மீதிக்கு ஒண்ணுமில்ல. எது மருந்து, எது தண்ணின்னு தெரிஞ்சுபோச்சு. மீதிக்கும் மருந்து விழட்டும்னு கயித்த மாத்திக் கட்டிட்டேன். எல்லாம் என் ஆடுதானே" என்றார். ஆக, இருபதுக்கும் ஆளுக்கு ஒரு மருந்து ஊசி, ஒரு தண்ணீர் ஊசி. ஒரு மருந்து ஊசியால் பயனில்லை, ஒரே ஆட்டுக்கு இரண்டும் விழுந்தால்தான் எதிர்ப்பு வரும். அந்த மழையில் எட்டு ஆடு போய்விட்டது.

கத்தினேன். வீட்டுக்காரரிடமும் அந்த பிஸ்கட் மனிதரிடமும் கத்தாமல் விட்டதெல்லாம் சேர்ந்து அக்கா தலையில் விழுந்தது. பதினாலு மாத உழைப்பு என்றேன், படித்துப் படித்துச் சொன்னேனே என்றேன். நான் ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு ஊசியும் அதே ஆட்டுக்கு விழுந்தாத்தான் புடிக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஏம்மா கயித்த மாத்தப் போறேன்?"

ஆய்வு வீணானதற்கு அறிக்கையில் 'தவிர்க்க முடியாத காரணங்கள்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காரணத்தின் மூஞ்சியைப் பார்த்துத்தான் தினமும் கண்ணாடி முன்னால் நின்று எரிச்சலோடு தலை சீவிக்கொள்கிறேன்.