பொட்டையும் சேர்த்துப் பிடித்த மாஸ்க்

எனக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்து திரையைப் பார்த்தால் கை ஓடாது. அன்று மர்பி டவுனிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

பிரேசர் டவுனில் ஒரு ஸ்டூடியோவில், கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தும் வேலை எனக்கு. அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: மகளின் கல்யாணப் படத்தில் சிவப்புப் புடவையைப் பச்சையாக்க வேண்டும். முகூர்த்தப் புடவை பச்சை; மாப்பிள்ளையின் அக்கா ஆசையாக எடுத்துக் கொடுத்தது. அவர் பிரசவமாகிப் படுத்திருந்ததால் கல்யாணத்துக்கு வரவில்லை. தாலி கட்டியதும் பந்தியில் புடவை மேல் சாம்பார் கொட்டி, பெண் சிவப்புக்கு மாறிவிட்டாள். குடும்பப் படம் அதற்குப் பிறகு எடுத்தது.

"சம்பந்தியம்மாவே சொல்லிட்டாங்க, அவங்க பொண்ணு கண்ல இது பட்டா வீடு ரெண்டாயிடும்னு. அந்தப் பொண்ணு சாயந்திரம் ஆல்பம் பாக்க வருது. எம்பொண்ணு அங்க வாழணுமேம்மா."

முதலில் சிவப்பை மட்டும் பிடித்து மாற்றினேன். எல்லார் முகத்திலும் பாசி படர்ந்தது. தோலிலும் சிவப்பு இருக்கிறதே!

மாஸ்க் போட்டே ஆக வேண்டும். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் நிறம் மாறும், கறுப்பான இடத்தில் மாறாது. அதைச் செய்ய படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில், அதாவது அந்தந்த நிறம் எங்கே எவ்வளவு என்று காட்டும் கறுப்புவெள்ளைப் படங்களில், ஒன்றை எடுக்க வேண்டும். புடவை சிவப்பு என்பதால் சிவப்புச் சேனலை எடுத்தேன். அதில் புடவையும் முகமும் ஒரே வெளுப்பு. எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நீலத்தில் ஓரமெல்லாம் பூச்சி அரித்தது போல் பொரிப்பொரியாக வந்தது. இரண்டிலும் மதியம் போயிற்று.

ஜோகுபாளையத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு வந்த என் குழந்தைக்குக் காலையில் உடம்பு சுட்டது. சுட்டதா, என் கைதான் குளிர்ந்திருந்ததா? போன் செய்தால், இதற்கெல்லாமா என்று அக்கா சிரிப்பார். செய்யவில்லை.

"ஆயித்தாம்மா?" என்று முதலாளி உள்ளிருந்து கன்னடத்தில் கேட்டார். முடியப் போகிறது என்று சொல்லிவைத்தேன்.

வேறு வழியில்லாமல் பச்சைச் சேனலைத் திறந்தேன். புடவை கறுப்பாகவும் முகங்கள் வெளுப்பாகவும் பிரிந்து நின்றன. இதை முதலிலேயே திறந்து பார்த்திருக்கக் கூடாதா? கறுப்பை வெள்ளையாகத் திருப்பி மாஸ்க் ஆக்கினேன். கூடவே பிடிபட்ட தலைமுடியையும் உதடுகளையும் மாஸ்க்கில் பிரஷ்ஷால் கறுப்படித்து அடைத்துவிட்டு நிறத்தை மாற்றினேன். புடவை பச்சையானது. ஜரிகைகூடத் தங்கமாகவே நின்றது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

"ஐயய்யோ, இன்னாம்மா இது! எம்பொண்ணுக்குப் பொட்டு பச்சையா இருக்குது! வகிடும் பச்சை! கிளி கொத்துன மாதிரி!"

குங்குமமும் சிவப்புதான், அதையும் மாஸ்க் பிடித்திருக்கிறது. எனக்கு அழுகையாக வந்தது. நானும் காலையில் நெற்றியில் இட்டுக்கொண்டுதானே வந்தேன், எப்படி மறந்தேன்? மறுபடி உட்கார்ந்து பெண்ணின் பொட்டு, வகிடு, மாப்பிள்ளையின் நெற்றி, சம்பந்தி அம்மாளின் பொட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடி அடைத்தேன். மறுபடி பிரிண்ட்.

அந்த அம்மாள் மகளின் முகத்தை விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தார். "இப்ப சரி" என்று பையில் வைக்கப் போனார். அப்போதுதான் படத்தின் ஓரத்தில், பாதி மறைந்து நின்ற இன்னொரு நெற்றியைக் கவனித்தேன். அவருடையதுதான். பொட்டு பச்சை.

"கொடுங்கம்மா. உங்க பொட்டு விட்டுப்போச்சு, மாத்திடறேன்."

அவர் படத்தைக் கண்ணருகே பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் மூஞ்சிய எவ பாக்கப் போறா? புடவையத்தான் பாப்பா. வுடு, நேரமாச்சு."

"ஒரு நிமிஷம்மா, ப்ளீஸ்."

அதற்குள் படியிறங்கி ஆட்டோவைக் கைதட்டி நிறுத்திவிட்டார். திரையில் அந்தப் பொட்டு இன்னும் பச்சையாக இருந்தது. யாரும் கேட்காத அதை அடைத்துச் சிவப்பாக்கிச் சேமித்துவிட்டுத்தான் அக்காவுக்குப் போன் செய்தேன்.