வட்டா வைத்து விட்ட வேலை

இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பத்து வருஷம் தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் கிடந்த கை, பேனையை நேராகப் பிடிக்கவும் மாட்டேன் என்கிறது. பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அது தேங்காய் விலை விழுந்த காலம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு தென்னந்தோட்டத்தில், வாடி என்கிற சூளைக் கொட்டிலில், நான் கொப்பறா காய வைக்கிறவனாக இருந்தேன். உடைத்த தேங்காயைத் தட்டியில் பரப்பி, கீழே சிரட்டை அடுக்கி நெருப்பு வைத்து, கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்களோடு பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கஷ்டம். நெருப்போடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கடுஞ்சொல் சொல்லாத மனிதர்.

"கோவியாத மனே. தேங்காய வாங்க ஆளில்ல. வாடியில ஒராளக் குறைக்கச் சொல்லி முதலாளி எழுதியிரிக்காரு. மத்தவன் உன்ன விடப் பழைய ஆள். நான் என்ன செய்ய?"

"ஓம் ஐயா" என்றேன்.

அவருக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். தோட்டத்தில் ஒருவனை நிற்பாட்டினால், அவன் எத்தனை தேங்காய் எடுத்தான் என்றுதான் ஊர் முதலில் கேட்கும். ஆள் குறைப்பு என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அப்படி நிற்பாட்டப்பட்டவர்கள் பின்வேலியால் போய்விடுவார்கள். வேறு நல்ல இடம் கிடைத்துத் தானாகப் போகிறவன்தான் வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து, கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்து, எல்லோருக்கும் முன்னால் விடைபெறுவான். அந்தப் பித்தளைத் தட்டு ஒருவன் கையில் இருந்தாலே அவன் மரியாதையோடு போகிறான் என்று அர்த்தம்.

"நான் நிப்பாட்டினனெண்டு ஒருத்தருக்கும் சொல்லல்ல. நீயாப் போற மாதிரிப் போ. நாளைக்கு வட்டா வைச்சுச் சொல்லித்துப் போ, எல்லாரும் பாக்கட்டும். கொப்பியிலயும் தன் விருப்பத்தில விலகினான் எண்டு எழுதி விடுறன். உன்ட பேர் பழுதாகாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெரிய உபகாரமாக அது அன்றைக்குத் தெரிந்தது.

வீட்டில் மனைவியிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஏறாவூரில் ஒரு கடையில் நல்ல வேலை வரப்போகிறது, இதை விடுகிறேன் என்றேன். அவள் சந்தோஷமாக வெற்றிலையைத் துடைத்து அடுக்கித் தந்தாள். அடுத்த நாள் நான் வட்டாவோடு போனேன். வாடிக்காரர், மரமேறிகள், தேங்காய் உரிக்கிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் முதுகில் தட்டி, "போற இடத்தில எங்களையும் மறந்திடாத" என்றார்.

ஏறாவூர் வேலை வரவில்லை. இல்லாத வேலை எப்படி வரும்? நாலு மாதம் வாவியில் வலை வீசினேன். கிடைத்த மீனை விற்க வாய் வேண்டும். அது என்னிடம் இல்லை. மனைவி பன் புல் பிடுங்கிப் பாய் இழைத்தாள். இழைத்துக்கொண்டே ஏசுவாள்.

"கையில இருந்த வேலைய ஆரும் விடுவாங்களா? பெரிய போடியாரெண்டு நினைப்பு. அந்தக் கடைக்காரன் இன்னும் கடைக்குக் கல்லு வைக்கல்லையாக்கும்!"

அவள் சொல்வது நியாயம். நான் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் இரண்டும் இராச்சாப்பாடு இல்லாமல் படுக்கத் தொடங்கிய மாதம் அது.

அப்போதுதான் அரசாங்கம் வேலை இழந்தவர்களுக்கென்று வாவிக்கரை றோட்டில் கல் போடுகிற வேலை திறந்தது. கூலியோடு அரிசியும் உண்டு என்றார்கள். ஊர்த் தலைவரான விதானையார் பெயர் எழுதுவார். முதலாளி ஆள் குறைத்ததால் வேலை போனவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். தானாக விட்டவனுக்கு இல்லை. களவு, சண்டை என்று விலக்கப்பட்டவனுக்கும் இல்லை.

ஆள் குறைப்பில் வேலை போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது எனக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும்.

பெயர் எழுதுகிற நாளுக்கு முதல் நாள் தோட்டத்து வாசல் படலை வரைக்கும் போனேன். கணக்கப்பிள்ளை உள்ளே வண்டிக்காரர் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். கதை முடியட்டும் என்று நின்றேன். கதை முடிந்தது, அவர் திரும்பிக் கணக்கெழுதுகிற கந்தோருக்குள் போனார். கூப்பிட்டிருக்கலாம். எனக்கு உபகாரம் செய்தவரிடம் போய், நீங்கள் எழுதியது பொய் என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? திரும்பி நடந்தேன். இன்றைக்கும் நான் நொந்துகொள்வது அந்தத் திரும்பலைத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாயை விட்டுக் கையை எடுத்தாள்.

"நாலு மாசமா நான் ஏசினதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தீங்களே. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

பிறகு பாயைச் சுருட்டி வைத்து, "நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

விதானையார் வீட்டு முற்றத்தில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். என் முறை வந்தபோது விதானையார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ என்னத்துக்கு மனே இதில நிக்காய்? நீ தானா விட்ட ஆளெல்லுவா?"

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்து மனைவி சொன்னாள்.

"அவர் விடல்ல விதானையார். நிப்பாட்டினவங்க."

"அப்ப வட்டா வைச்சது ஆரு, இவர்ட ஆவியா?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். "நிப்பாட்டினவங்களெண்டா எத்தின தேங்காய்கா?" என்றது இன்னொரு குரல். மனைவி திரும்பிப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

விதானையார் நியாயமான மனிதர். "கடதாசி இல்லாம நான் எழுத ஏலாது. ஆனா விசாரிக்கிறன். நில்லு" என்று சொல்லி, தன் ஆளைத் தோட்டத்துக்கு அனுப்பினார். நான் எப்படிப் போனவன் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வரச் சொன்னார். எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லி அனுப்பவில்லை. அதை நானாவது சொல்லியிருக்க வேண்டும். போகிற ஆள் படலை தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு அந்த ஆள் திரும்பி வந்தான். எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"தங்கமான ஆளாம். ஒரு தேங்காய் எடுக்கல்லையாம். நிப்பாட்டல்லையாம், தன்ட விருப்பத்திலதான் மரியாதையா வட்டா வைச்சுப் போனவராம். என்ன வேணுமெண்டாலும் தான் பொறுப்பாம்."

விதானையார் என் மேல் ஏதோ களவுப் பிராது விசாரிக்கிறார் என்று கணக்கப்பிள்ளை நினைத்திருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"மறுகா நான் என்ன செய்ய மனே?" என்றார் விதானையார். அடுத்தவனைக் கூப்பிட்டார்.

மனைவி நேராக வீட்டுக்குப் போய் விட்ட பாயை இழைக்க உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த விஷயத்துக்காக என்னை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த றோட்டுக்கு மாரி தொடங்கும் வரை எங்கள் ஊர் ஆட்கள் கல் சுமந்தார்கள். நான் வள்ளத்தில் போகும்போது அவர்கள் வரிசையாக நிற்பது தெரியும். கரையைப் பார்க்காமல் துடுப்பு வலிப்பேன். சின்னவள் அந்த மாரியில் காய்ச்சல் கண்டு மெலிந்தாள். தப்பிவிட்டாள், ஆனால் பழைய உடம்பு வரவே இல்லை.

பல வருஷத்துக்குப் பிறகு மட்டக்களப்புச் சந்தையில் கணக்கப்பிள்ளையைக் கண்டேன். கிழடு தட்டியிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாபகமிரிக்கா மனே? விதானை ஆளனுப்பி உன்னப் பத்தி விசாரிச்சவன். ஒரு சொல்லு குறைய விடல்ல நான். நல்லதாத்தான் சொல்லி அனுப்பினன்."

"ஓம் ஐயா" என்றேன். "பெரிய உபகாரம்."

அவர் மனம் நிறைந்து சிரித்தார். நான் பஸ் வருகிறது என்று சொல்லி நழுவினேன். பஸ் வரவில்லை.

போன மாதம் அவர் காலமானார். செத்த வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் இருந்துவிட்டு வந்தேன். இனி இதை எழுதினால் அவருடைய மனம் நோகாது. மனைவிக்கு எழுத்துத் தெரியாது; இன்றைக்கு இருத்தி வாசித்துக் காட்டினேன். "இத நீங்க அண்டைக்கு விதானையார் முற்றத்தில சொல்லியிருக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னாள்.

விரோதி வருஷம், ஐப்பசி மாதம், பத்தொன்பதாந் தேதி.